புகையிலை இலையில் எண்ணெய்: மூன்று ஜீன் போட்டும் 1 சதவீதம் தாண்டவில்லை, எங்கே ஓட்டை?

இலைநெய் கேட்டது:

விதையை நம்பாமல் இலையிலேயே எண்ணெய் சேர்த்து, அதை டீசலாகவோ விமான எரிபொருளாகவோ மாற்றும் வேலை. ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் குழு 2014-இல் புகையிலையில் காட்டிய அதே மூன்று ஜீன்கள்தான்: ஆய்வகச் சிறுசெடியான அராபிடாப்சிஸின் டபிள்யூஆர்ஐ1 (கொழுப்பமில உற்பத்தியைத் தூண்டுவது), அதே செடியின் டிகாட்1 (எண்ணெயைக் கட்டி முடிக்கும் நொதி), எள்ளின் ஓலியோசின் (எண்ணெய்த் துளியைக் காக்கும் புரதம்). அவர்களுக்கு இலையின் உலர் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் ட்ரைகிளிசரைடு, அதாவது எண்ணெய், கிடைத்தது.

இங்கே நிலவரம் இது. புகையிலையின் உறவுச்செடியான பெந்தமியானாவின் இலையில், ஜீனைச் செடிக்குள் கொண்டுபோகும் அக்ரோபாக்டீரியத்தைச் சிரிஞ்சால் ஏற்றி, பி19 என்ற வைரஸ் புரதத்தின் ஜீனையும் சேர்த்து, 5 நாள் கழித்துப் பார்த்தால் டிஎல்சி (கொழுப்பு வகைகளைப் பட்டைகளாகப் பிரிக்கும்) தட்டில் ட்ரைகிளிசரைடு பட்டை தடிமனாகத் தெரிகிறது. ஆனால் சாதாரணப் புகையிலையில் எடுத்த 11 ஸ்டேபிள் லைன்களில் (ஜீன் நிரந்தரமாகச் சேர்ந்த செடி வரிசைகளில்) 0.4 முதல் 0.9 சதவீதம்தான். ஜீன் போடாத கண்ட்ரோல் செடியில் 0.2.

மூன்று ஜீனுக்கும் 35எஸ் ப்ரொமோட்டர் (ஜீனை ஓடவைக்கும் தொடக்கத் துண்டு), நாஸ் டெர்மினேட்டர் (முடிவுத் துண்டு), ஒரே டி-டிஎன்ஏ (செடிக்குள் போகும் டிஎன்ஏ துண்டு). செடிக்கு 6 வாரம். மேலிருந்து மூன்றாவது இலை, காலை 9 மணிக்குப் பறித்தது, 60 டிகிரி ஓவனில் 2 நாள் உலர்த்தியது. குளோரோஃபார்ம்-மெத்தனாலில் வடித்து, டிஎல்சி பட்டையைச் சுரண்டி, மெத்தில் எஸ்டராக்கி, கொழுப்பமிலங்களைப் பிரித்து அளக்கும் ஜிசி கருவியில் ஓட்டியது. ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவில் போடும் உள்தரமான 17:0-ஐ (முதல் எண் கார்பன், அடுத்தது இரட்டைப் பிணைப்பு) எஸ்டராக்கும் கட்டத்தில் சேர்த்தோம். ட்ரைகிளிசரைடில் 18:3 மட்டும் 40 சதவீதத்துக்கு மேல். வளர்ப்பறை வெளிச்சம் சதுர மீட்டருக்கு வினாடிக்கு 100 மைக்ரோமோல்.

அடுத்ததாக எண்ணெயைக் கரைக்கும் எஸ்டிபி1 லைபேஸ் நொதியை ஆர்என்ஏஐ (சிறு ஆர்என்ஏவால் ஜீனை அமுக்கும் முறை) மூலம் அடக்கலாம் என்று திட்டம். செய்யலாமா? இன்னொன்று: இப்படி வரும் எண்ணெய் நேராக எரிபொருள் ஆலைக்குப் போகுமா?

---

கொழுப்பமிலன் பதில்:

எஸ்டிபி1 பக்கம் இப்போது போகாதீர்கள். உங்கள் தரவிலேயே பதில் இருக்கிறது: 18:3 நாற்பது சதவீதம்.

பசுங்கணிகத்தில் புதிதாக உருவாகும் கொழுப்பமிலம் 16:0 ஆகவும் 18:1 ஆகவும்தான் வெளியே வரும். டபிள்யூஆர்ஐ1 வேலை செய்து உற்பத்தி கூடினால் ட்ரைகிளிசரைடில் 18:1 ஏற வேண்டும், 18:3-இன் பங்கு இறங்க வேண்டும். இலையில் 18:3 குவிந்து கிடக்கும் இடம் பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வு. அந்தச் சவ்வு உடையும்போது, அதாவது இலை வாடும்போது, முதிரும்போது, வெப்பத்தில் தவிக்கும்போது, அங்கிருந்து கழன்ற 18:3 ட்ரைகிளிசரைடில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆக, நீங்கள் அளந்ததில் பெரும்பங்கு புது எண்ணெய் இல்லை. பழைய சவ்வு இடம் மாறிய கணக்கு.

அந்த இடமாற்றத்துக்கு ஓவனும் துணை போகிறது. 60 டிகிரியில் இலை உடனே சாவதில்லை. தண்ணீர் போகப் போக மெல்லச் சாகிறது. அந்த நேரம் முழுக்க லைபேஸும் ஃபாஸ்ஃபோலைபேஸும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருபக்கம் சவ்வு உடையும், மறுபக்கம் சேர்ந்த எண்ணெயே தனிக் கொழுப்பமிலமாகக் கரையும். கண்ட்ரோலும் சேர்ந்து உயர்வதால் வித்தியாசம் மங்கிவிடுகிறது. டிஎல்சி தட்டில் ட்ரைகிளிசரைடுக்குக் கீழே தனிக் கொழுப்பமிலப் பட்டை அழுத்தமாக இருந்தால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம்.

இலையைப் பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டு, உறைந்தபடியே ஃப்ரீஸ் ட்ரையரில் ஏற்றுங்கள். நடுவில் ஒரு நிமிடம்கூட உருகக் கூடாது. ஃப்ரீஸ் ட்ரையர் இல்லையென்றால், பச்சை இலையையே 75 டிகிரியில் சூடாக வைத்த ஐசோப்ரொப்பனாலில் (காறலைத் தடுக்கும் பிஎச்டி 0.01 சதவீதம் கலந்தது) போட்டு 15 நிமிடம் வையுங்கள். நொதி அதோடு முடிந்தது. பிறகு குளோரோஃபார்ம்-மெத்தனால்.

உள்தரத்தைச் சேர்க்கும் இடமும் தவறு. எஸ்டராக்கும்போது சேர்த்தால் வடிக்கும்போதும் சுரண்டும்போதும் போன இழப்பு கணக்கில் வராது. 17:0 ட்ரைகிளிசரைடாகவே வாங்கி, 20 மி.கி. பொடிக்கு 50 மை.கி. என்று, முதல் கரைப்பான் ஊற்றும்போதே சேருங்கள். அது மாதிரியின் எண்ணெயோடு கூடவே பயணித்து, கூடவே இழந்து, கூடவே ஜிசிக்கு வரும். டிஎல்சி ஓட்ட ஹெக்சேன், டைஎத்தில் ஈதர், அசிட்டிக் அமிலம் 70:30:1 போதும். பட்டையைப் பார்க்க அயோடின் வேண்டாம், இரட்டைப் பிணைப்புகளில் ஒட்டிக்கொண்டு 18:3 அளவைக் கெடுக்கும். 80 சதவீத அசிட்டோனில் 0.01 சதவீதம் ப்ரிமுலின் சாயம் தெளித்து யுவி விளக்கில் பாருங்கள். ட்ரைகிளிசரைடுக்கு மேலே ஓடும் ஸ்டீரால் எஸ்டரைச் சேர்த்துச் சுரண்டிவிடாதீர்கள். இலை மாதிரியில் அது எப்போதும் இருக்கும்.

பறிக்கும் நேரமும் இலையும்கூட மாற வேண்டும். மேலிருந்து மூன்றாவது இலை இளசு. இந்த மூன்று ஜீன் புகையிலையில் எண்ணெய் வயதோடு ஏறுகிறது. பூக்கும் பருவத்திலிருந்து விதை பிடிக்கும் பருவம் வரை, கீழ்ப்பக்கத்து முதிர்ந்த, ஆனால் இன்னும் மஞ்சளாகாத இலைகளில்தான் உச்சம். 6 வாரச் செடியை வைத்து ஒரு லைனைத் தள்ளிவிடக் கூடாது. இன்னொரு சங்கதி ஸ்டார்ச். காலையில் அது குறைந்தும் மாலையில் கூடியும் இருப்பதால் உலர் எடையே மாறுகிறது, சதவீதமும் கூடவே மாறும். எல்லா மாதிரியையும் ஒரே நேரத்தில், முடிந்தால் விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன்பு எடுங்கள்.

---

தளிர்மேடை பதில்:

கொழுப்பமிலன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அளவைச் சரிசெய்தாலும் இந்த 11 லைனில் பெரிய எண் வராது என்றே நினைக்கிறேன். கட்டமைப்பிலேயே கோளாறு இருக்கிறது.

பெந்தமியானாவில் வந்தது ஏன், ஸ்டேபிளில் வராதது ஏன் என்று யோசியுங்கள். ஒன்றில் பி19 இருக்கிறது, மற்றதில் இல்லை. பி19 என்பது தக்காளி புதர்க்குட்டை வைரஸின் புரதம். செடி வெளிஜீனை அமுக்கப் பயன்படுத்தும் சிறு ஆர்என்ஏக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது இருக்கும்வரை 35எஸ் மூன்று முறை வந்தாலும் பாதிப்பில்லை. ஸ்டேபிள் செடியில் அந்தக் காவல் கிடையாது. ஒரே ப்ரொமோட்டரும் ஒரே டெர்மினேட்டரும் மூன்று முறை அடுத்தடுத்து இருந்தால் சைலன்சிங், அதாவது செடி ஜீனை அமுக்கிவிடுவது, கிட்டத்தட்ட அழைத்து வந்த விருந்தாளிதான். ஈ.கோலையில் வைத்திருக்கும்போதே இந்த மும்மடங்கு வரிசை தனக்குள் சேர்ந்து நடுத்துண்டு கழன்றுபோவதும் உண்டு. செடிக்கு அனுப்பிய அக்ரோவிலிருந்து பிளாஸ்மிடை (ஜீன்களைச் சுமக்கும் வளைய டிஎன்ஏவை) திரும்ப எடுத்து, நொதியால் வெட்டித் துண்டுகளின் அளவைப் பார்க்கும் ரெஸ்ட்ரிக்ஷன் டைஜஸ்ட் பார்த்தீர்களா?

அதோடு, டபிள்யூஆர்ஐ1-ஐ 35எஸ் கீழ் வைப்பதே ஒரு வடிகட்டி. அது எல்லாத் திசுவிலும் சர்க்கரையைக் கொழுப்புப் பக்கம் இழுக்கும். தளிர் துளிர்க்கும் கட்டத்தில் அது ஓங்கியிருந்தால் அந்தத் தளிர் பின்தங்கும். ஜீன் ஏறிய தளிர்களை மட்டும் வாழவிடும் கனாமைசின் தட்டில் முதலில் எழும்புவது டபிள்யூஆர்ஐ1 மந்தமாக உள்ள தளிர்கள். கைக்கு வருவதும் அவைதான். கரும்பில் செய்த வேலைகளிலும் டபிள்யூஆர்ஐ1 எல்லா இடத்திலும் ஓங்கிய லைன்கள் குட்டையாகிப் போயின.

முதல் வேலை: எண்ணெய் அளந்த அதே இலையின் மறுபாதியில் மூன்று ஜீனுக்கும் தனித்தனியாக, ஜீன் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் ஆர்டி-க்யூபிசிஆர். டிகாட்1 இருந்து டபிள்யூஆர்ஐ1 இல்லாத லைன்கள் அதிகமாக வந்தால் மேலே சொன்னதுதான் கதை.

அடுத்த கட்டமைப்பில் டபிள்யூஆர்ஐ1-க்கு ரூபிஸ்கோ சிறு துணையலகின் ப்ரொமோட்டர் போடுங்கள்; பச்சைத் திசுவில், வெளிச்சத்தில் மட்டும் ஓடும், திசு வளர்ப்பில் அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. டிகாட்1-க்கு 35எஸ் இருக்கட்டும். ஓலியோசினுக்கு வேறு செடியின் ப்ரொமோட்டர். டெர்மினேட்டரும் மூன்றும் வெவ்வேறு. இன்னொரு சின்ன விஷயம், சின்னது என்று விட்டுவிடக் கூடாது: அராபிடாப்சிஸ் டபிள்யூஆர்ஐ1-இன் மூன்றாவது எக்ஸான் (புரதத்துக்கான ஜீன் துண்டு) வெறும் 9 பேஸ் (டிஎன்ஏ எழுத்து). அது தரும் மூன்று அமினோ அமிலங்கள் (வேலின், டைரோசின், லியூசின்) இல்லாமல் புரதம் சரியாக வேலை செய்யாது. ஜீனோமிலிருந்து மென்பொருள் கணித்த வரிசையை வைத்து ஜீனைச் செயற்கையாக எழுதி வாங்கியிருந்தால் இந்த 9 பேஸ் விடுபட்டிருக்கலாம். வரிசையைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

11 லைன் போதாது. 40 தனித்தனி நிகழ்வுகளாவது (ஜீன் தனித்தனியாக ஏறிய செடிகள்) எடுத்து, அதில் ஒரே பிரதி உள்ளவற்றை டிஜிட்டல் பிசிஆரில் பொறுக்கி, அடுத்த தலைமுறை விதை கனாமைசினில் 3:1 பிரிகிறதா என்று பாருங்கள். பிரதி எண்ணிக்கை கூடினால் எண்ணெய் கூடும் என்பது ஆசை மட்டுமே. பெரும்பாலும் தலைகீழாக நடக்கும்.

---

கொழுப்பமிலன் பதில்:

வெளிச்சத்தை முன்பே சொல்லியிருக்க வேண்டும். 100 மைக்ரோமோல் மிகக் குறைவு. ஜீன் படிக்கப்பட்டு புரதம் உருவானாலும் அந்தப் புரதம் நிற்க வேண்டும். செல்லில் சர்க்கரை குறைந்தால் கின்10 என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) விழித்துக்கொண்டு டபிள்யூஆர்ஐ1-இல் பாஸ்பேட் ஏற்றும். பாஸ்பேட் ஏறிய டபிள்யூஆர்ஐ1 புரதச் சிதைப்புக்குப் போய்விடும். சர்க்கரை நிறைந்தால் கின்10 அடங்கும், டபிள்யூஆர்ஐ1 நிலைக்கும். பட்டினியில் கொழுப்பு சேர்க்க வேண்டாம் என்பது செடியின் நியாயமான ஏற்பாடு. 300-400 மைக்ரோமோலுக்கு ஏற்றுங்கள், 16 மணி நேரப் பகல் கொடுங்கள். ஆர்டி-க்யூபிசிஆரில் டபிள்யூஆர்ஐ1 நன்றாக இருந்தும் 18:1 ஏறாத லைன் கிடைத்தால் முதலில் வெளிச்சத்தைச் சந்தேகப்படுங்கள்.

எஸ்டிபி1 கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்தத் துறையில் தள்ளு, இழு, காப்பாற்று என்பார்கள். டபிள்யூஆர்ஐ1 கொழுப்பமிலத்தைத் தள்ளுகிறது. டிகாட்1 டைகிளிசரைடில் மூன்றாவது கொழுப்பமிலத்தை ஏற்றி இழுக்கிறது. ஓலியோசின் எண்ணெய்த் துளியின் மேல் தோலாகப் படிந்து காப்பாற்றுகிறது. எஸ்டிபி1 என்ற லைபேஸை அடக்குவது காப்பாற்றுவதில் இரண்டாவது பூட்டு. பூட்டு நல்லதுதான், ஆனால் பெட்டியில் சரக்கு இருக்க வேண்டும். சிஎஸ்ஐஆர்ஓ குழு 15 சதவீத லைனை அடித்தளமாக வைத்துக்கொண்டுதான் 2017-இல் எஸ்டிபி1-ஐ அடக்கி 30 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அதே அடித்தளத்தில் இன்னொரு வழியாக, விதைக்கரு வளர்ச்சியை இயக்கும் லெக்2 ஜீனை எஸ்ஏஜி12 ப்ரொமோட்டரில் போட்டும் அந்த அளவை எட்டினார்கள். எஸ்ஏஜி12 இலை முதிரும்போது மட்டும் திறக்கும். லெக்2-ஐ 35எஸ்-இல் போட்டால் இலை கருவாக மாறத் தொடங்கிவிடும், செடியே உருப்படாது.

எஸ்டிபி1 அடக்கும் நாள் வரும்போது இரண்டு கவனம். புகையிலை நான்மடியம் (நான்கு தொகுதி குரோமோசோம் உள்ளது), இரண்டு மூதாதைகளின் பிரதியும் இருக்கும். ஆர்என்ஏஐ துண்டு இரண்டுக்கும் பொருந்தும் இடத்தில் இருக்க வேண்டும். முளைக்கும் விதை தன் எண்ணெயைக் கரைத்துச் சாப்பிட எஸ்டிபி1 தேவை என்பதால் 35எஸ்-இல் அடக்கினால் நாற்று தட்டுத் தடுமாறும். 1 சதவீதம் சுக்ரோஸ் ஊடகத்தில் முளைக்க வையுங்கள், அல்லது பச்சைத் திசு ப்ரொமோட்டரில் அடக்குங்கள்.

---

உலைக்கணக்கு பதில்:

எரிபொருள் ஆலைக்குப் போகுமா என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. ஜீனை விட அங்கே தண்ணீர்தான் பெரிய எதிரி.

பச்சை இலையில் பத்தில் ஒரு பங்கு உலர் எடை என்று வையுங்கள். 1 டன் உலர் இலைக்கு 9 டன் தண்ணீரை ஓட்ட வேண்டும். ஆவியாக்க மட்டும் கிலோவுக்கு 2.26 மெகாஜூல், ஆக 20 ஜிகாஜூலுக்குச் சற்று மேல். உலர்த்தியின் நஷ்டத்தை நான் சேர்க்கவே இல்லை. இலையில் 15 சதவீத எண்ணெய் என்றால் 150 கிலோ. கிலோவுக்கு 37 மெகாஜூல் வீதம் 5.5 ஜிகாஜூல். 30 சதவீதமானாலும் 11. எரிபொருள் எரித்து இலையை உலர்த்தினால் 30 சதவீதத்திலும் கிடைப்பதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அடுப்புக்குப் போகிறது. ஆய்வகத்தில் ஃப்ரீஸ் ட்ரையர் இந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது.

ஸ்க்ரூ ப்ரெஸ்ஸில் 70 சதவீத ஈரத்துக்குப் பிழிந்தால் டன்னுக்கு 2.3 டன் தண்ணீர்தான் மிச்சம், 5.3 ஜிகாஜூல். இப்போதும் 15 சதவீத எண்ணெயின் முழு ஆற்றலுக்குக் கிட்டத்தட்ட சமம். பிழியும் சாற்றோடு எண்ணெய்த் துளிகளில் ஒரு பங்கு வெளியேறும், அங்கே ஓலியோசின் எதிர்வேலை செய்யும்: செல்லுக்குள் துளியைக் காப்பாற்றிய அதே தோல், சாற்றில் பால் போன்ற குழம்பைக் கலையவிடாமல் பிடித்து வைக்கும். சூடு, அமிலத்தன்மை மாற்றம், புரோட்டியேஸ் என்று ஏதாவது ஒன்றால் அதை உடைத்த பிறகுதான் சென்ட்ரிஃப்யூஜில் எண்ணெய் பிரியும். வெயிலில் உலர்த்துவது ஆற்றல் கணக்கைக் காப்பாற்றும். ஆனால் கொழுப்பமிலன் ஓவனைப் பற்றிச் சொன்ன அதே லைபேஸ் கோளாறு களத்தில் பல மடங்காக வரும்.

அடுத்தது எண்ணெயின் தரம். ஹெக்சேனில் இலையை வடித்தால் பச்சையம், ஃபாஸ்ஃபோலிப்பிட், மெழுகு எல்லாம் கூடவே வரும். பயோடீசலுக்கான ஐரோப்பிய தரம் ஈஎன் 14214 பாஸ்பரஸை கிலோவுக்கு 4 மி.கி.க்குள் கட்டுப்படுத்துகிறது, 18:3 மெத்தில் எஸ்டர் 12 சதவீதத்துக்குள், அயோடின் எண் (இரட்டைப் பிணைப்புகளின் அளவுகோல்) 120-க்குள். உங்கள் 40 சதவீத 18:3 அந்த வாசலிலேயே நிற்காது. தனிக் கொழுப்பமிலம் 1 சதவீதத்தைத் தாண்டினால் காரவினையில் சோப்பு கட்டி மெத்தில் எஸ்டரும் கிளிசராலும் பிரிய மறுக்கும். பச்சையம் வெளிச்சத்தில் எண்ணெயைச் சீக்கிரம் காறலாக்கும். விமான எரிபொருளுக்கான ஹைட்ரஜன் ஏற்றும் வழியில் 18:3 தடையில்லை, ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும் கூடுதல் ஹைட்ரஜன் செலவாகும், அவ்வளவே. அங்கே பிரச்சினை வேறு: பாஸ்பரஸும், பச்சையத்தின் மெக்னீசியமும் நைட்ரஜனும் வினையூக்கியைக் கெடுக்கும். டீகம்மிங்கும் (ஃபாஸ்ஃபோலிப்பிட் பசையை நீக்குவது) வெளுக்கும் மண்ணும் தவிர்க்க முடியாதவை.

இதனால்தான் அமெரிக்காவில் இல்லினாய், ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழுக்கள் கரும்பைப் பிடித்தன. கரும்பு எப்படியும் ஆலைக்கு வருகிறது, எப்படியும் பிழியப்படுகிறது, சக்கை எரித்த கொதிகலன் அங்கேயே இருக்கிறது. தண்டில் சில சதவீத எண்ணெய் இருந்தாலும் போக்குவரத்துச் செலவு ஏற்கெனவே சர்க்கரைக் கணக்கில் போய்விட்டது. எண்ணெயின் பெரும்பகுதி சக்கையில் தங்குகிறது. சக்கையை வெந்நீரில் அழுத்தத்துடன் சுமார் 180 டிகிரியில் பதப்படுத்தி, சர்க்கரையாக்கி, நொதிக்க வைத்த பின் மிஞ்சுவதில் எண்ணெய் செறிந்து கிடைக்கும். உலர்த்தும் பேச்சே இல்லை. ஆனால் அளவு இன்னும் சிறிது: 2016-இல் வெளியான கரும்பில் இலையில் 1.9 சதவீதம், தண்டில் 0.9. 2020-இல் தண்டில் சராசரியாக 4.3 வந்தது, வளர்ச்சி குன்றியதுடன். புகையிலை நல்ல சோதனைச் செடி. எரிபொருள் பயிர் என்று அதைச் சொல்ல நான் தயாரில்லை.

விதைதான் வேண்டும் என்றால் கேமெலினா என்ற எண்ணெய்வித்துப் பயிர் இருக்கிறது. யூயோனிமஸ் அலாட்டஸ் செடியின் அசிட்டைல் மாற்றி நொதியை அதில் போட்டு, டிகாட்1-ஐ அடக்கி, விதை எண்ணெயில் 85 மோல் சதவீதம் வரை அசிட்டைல் ட்ரைகிளிசரைடு எடுத்திருக்கிறார்கள். ட்ரைகிளிசரைடின் மூன்றாவது கை, நீளக் கொழுப்பமிலத்துக்குப் பதில் அசிட்டைலாகிக் குட்டையானதால் பாகுத்தன்மை குறைவு. உலர் விதை, பழகிய செக்கு, பழகிய சுத்திகரிப்பு.

---

இலைநெய் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஆர்டி-க்யூபிசிஆர் முடிந்தது. 11-இல் 8 லைனில் டபிள்யூஆர்ஐ1 கண்டறியும் அளவுக்குக் கீழே. டிகாட்1 எல்லாவற்றிலும் உண்டு. 9 பேஸ் எக்ஸான் வரிசையில் இருக்கிறது. புதுக் கட்டமைப்பு எழுதுகிறோம். 40 நிகழ்வையும் ஜிசிக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் ஆகும். முன்கூட்டியே வடிகட்ட ஏதாவது வழி?

---

தளிர்மேடை பதில்:

எண்ணெய்த் துளியை ஒளிரவைக்கும் சாயமான பாடிபை 493/503 போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். நைல் ரெட் சாயம் வேண்டாம், அதன் ஒளிர்வு பச்சையத்தின் சிவப்போடு கலந்து ஏமாற்றும்.

பூக்கும் பருவத்துச் செடியின் கீழ் இலையில் கார்க் துளைப்பானால் வட்டம் வெட்டி, கீழ்த்தோலை உரித்து, நீரில் 2 மை.கி./மி.லி. பாடிபையில் 15 நிமிடம் இருட்டில் வையுங்கள். காற்று சிக்கினால் சாயம் உள்ளே போகாது. சிரிஞ்சுக்குள் வட்டத்தைப் போட்டு வாயை விரலால் அடைத்து இரண்டு முறை இழுங்கள், இலைத்துண்டு வெளிர்பச்சையிலிருந்து அடர்பச்சையாகி மூழ்கும். 488 நானோமீட்டர் ஒளியில் தூண்டி 500-540-இல் பாருங்கள், பச்சையத்தை 650-க்கு மேல் தனிச் சேனலில் எடுங்கள். கண்ட்ரோலில் சிவப்புக் கணிகங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளி. நல்ல லைனில் கணிகங்களின் இடுக்கெல்லாம் பச்சைத் துளி அடைத்து நிற்கும், சில இடத்தில் கணிகத்தின் ஓரத்தையே துளிகள் அமுக்கியிருக்கும். இலைக்கு மூன்று வட்டம், வட்டத்துக்கு ஐந்து புலம், ஒரே லேசர் அளவில். துளி அடர்த்தியில் முதல் எட்டு லைன்களை மட்டும் ஜிசிக்கு அனுப்பி, அங்கே 18:1 ஏறியிருப்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். துளி நிறைய இருந்து 18:3-உம் ஓங்கி இருந்தால் அந்த இலை முதிர்ந்து சவ்வு உடைகிறது என்று அர்த்தம். அதே செடியில் ஒரு கணு மேலே உள்ள இலையை எடுத்து மறுபடி பாருங்கள்.